லைட்ஹவுஸ் சாண்ட்விச்: டிஸ்னி வேர்ல்டில் கிடைத்ததை ரொட்டி ஊறாமல் வீட்டில் செய்வது எப்படி

ஆர்லாண்டோவில் டிஸ்னி வேர்ல்டின் மேஜிக் கிங்டம் பூங்காவுக்குப் போகும் சைவக்காரர்கள் "உள்ளே என்ன சாப்பிடுவது?" என்று கேட்டால், ஒரு காலத்தில் யோசிக்காமல் சொல்ல ஒரு பதில் இருந்தது. கொலம்பியா ஹார்பர் ஹவுஸ் உணவகத்துக்குப் போங்கள், லைட்ஹவுஸ் சாண்ட்விச் வாங்குங்கள், மாடிக்கு ஏறிவிடுங்கள். பூங்காவின் லிபர்ட்டி ஸ்குயர், ஃபேன்டசிலேண்ட் என்ற இரு பகுதிகளும் சந்திக்கும் இடத்தில், நடைபாதைக்கு மேலேயே அந்த மாடி நீண்டிருக்கும். கீழே கூட்டம் நெரிந்தாலும் மேலே உட்கார இடம் கிடைக்கும்.

பொரித்த மீனும் இறாலும் சிப்பி சூப்பும் விற்கிற கடை அது. அங்கேதான் அந்தப் பூங்காவின் சிறந்த சைவ சாண்ட்விச் இருந்தது. டோஸ்ட் செய்த பல தானிய ரொட்டி, ஹம்மஸ் (கொண்டைக்கடலையும் எள்ளும் அரைத்த விழுது), தக்காளி, ப்ராக்கோலி ஸ்லா (மெலிதாக நறுக்கிய பச்சைக் காய்க் கலவை), அவ்வளவுதான். எனக்கு அது பிடித்ததற்குக் காரணம், அது எந்த இறைச்சியைப் போலவும் நடிக்கவில்லை. கடலை கடலையாகவே ருசித்தது, காய் நறுக்கென்று கடிபட்டது. வதக்கிய குடைமிளகாயை ரொட்டிக்குள் திணித்து "சைவம்" என்று நீட்டும் வழக்கத்துக்கு நடுவே இதை யோசித்துச் செய்திருந்தார்கள். புளோரிடா வெயிலில் சூடாகச் சாப்பிட வேண்டிய அவசியமில்லாத சாப்பாடு என்பதும் பெரிய விஷயம்.

அது இப்போது மெனுவில் இல்லை. ஆனால் வீட்டில் செய்துகொண்டு போகலாம். வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுவர டிஸ்னி அனுமதிக்கிறது. கீழே உள்ளது என் செய்முறை. கடையின் ரகசியக் குறிப்பு எதுவும் என்னிடம் இல்லை, ருசியை வைத்துப் பிடித்த அளவுகள் இவை. 4 சாண்ட்விச்சுக்குப் போதும்.

படி 1: ஹம்மஸ்

வெள்ளைக் கொண்டைக்கடலை 200 கிராம். ஊறவைப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். வேகவைக்கும்போது அரைத் தேக்கரண்டி ஆப்ப சோடா சேருங்கள். தோல் கரைந்து, விரலால் தொட்டாலே மசியும். சோடா நுரை தள்ளும் என்பதால் குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். நுரை வெயிட் துவாரத்தை அடைத்தால் ஆபத்து.

2 பல் பூண்டைத் துருவி, 2 எலுமிச்சையின் சாற்றில் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். புளிப்பில் ஊறினால் பச்சைப் பூண்டின் காட்டம் அடங்கிவிடும். பிறகு 100 கிராம் தஹினியை (எள் விழுது) அதில் கலக்குங்கள். சட்டென்று இறுகித் திரிந்தது போலத் தோன்றும், பயப்பட வேண்டாம். ஐஸ் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கலக்கினால் நிறம் வெளுத்து வழவழப்பாகும். அதன் பிறகுதான் வெந்த கடலையும் உப்பும்.

ஃபுட் ப்ராசஸரை விட நம் மிக்சியின் சின்ன ஜார்தான் இதற்குச் சரி. ப்ராசஸரில் எப்போதும் ஒரு நறநறப்பு மிஞ்சும். மிக்சி சூடேறும், அதனால் விட்டு விட்டு ஓட்டுங்கள். பதம்: கரண்டியைச் சாய்த்தாலும் விழாமல் நிற்க வேண்டும். சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ளும் ஹம்மஸ் தளர்வாக இருக்கலாம், சாண்ட்விச்சுக்குக் கூடாது.

படி 2: ஸ்லா (இங்கே அவசரம் வேண்டாம்)

மொத்த சாண்ட்விச்சும் ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான். ப்ராக்கோலி, கேரட், முட்டைக்கோஸ் எல்லாமே தண்ணீர் நிறைந்த காய்கள். உப்பும் எலுமிச்சையும் பட்டதும் அவை தண்ணீர் விட ஆரம்பிக்கும், விட்டுக்கொண்டே இருக்கும். காலை ஏழு மணிக்குக் கட்டிய சாண்ட்விச் பன்னிரண்டு மணிக்குப் பிரிக்கும்போது அடி ரொட்டி கையோடு வருவதற்கு இதுதான் காரணம். ஹம்மஸைக் குறை சொல்லிப் பயனில்லை. அதனால் வரப்போகிற தண்ணீரை முதலிலேயே வரவழைத்து வெளியேற்றிவிட வேண்டும்.

ப்ராக்கோலியின் பூவை எடுத்துப் பொரியலுக்கு வைத்துவிடுங்கள். நமக்கு வேண்டியது தண்டு. மேல்தோல் நாராக இருக்கும், உள்ளே வெளிர்பச்சை தெரியும் வரை கத்தியால் சீவுங்கள். பிறகு தீக்குச்சி கனத்தில் நறுக்குங்கள். துருவியைத் தொடாதீர்கள், துருவினால் காய் கூழாகி, பிழிந்ததும் உருண்டையாகிவிடும். அமெரிக்கக் கடைகளில் ப்ராக்கோலி ஸ்லா என்றே நறுக்கிய பாக்கெட் கிடைக்கிறது. நேரமில்லை என்றால் அதுவே போதும், நன்றாகத்தான் இருக்கும்.

தண்டு, கேரட், சிவப்பு முட்டைக்கோஸ் மூன்றும் சேர்ந்து 300 கிராம். முக்கால் தேக்கரண்டி உப்பு தூவிப் பிசறி, வடிதட்டில் 20 நிமிடம் விடுங்கள். கீழே பாத்திரம் வைத்தால் எவ்வளவு தண்ணீர் இறங்குகிறது என்று நீங்களே பார்க்கலாம். அதோடு நிறுத்தாமல், சுத்தமான பழைய வேட்டித் துணியில் கொட்டி முடிந்து நன்றாக முறுக்கிப் பிழியுங்கள். சொட்டுவது நிற்கும் வரை. சிவப்புக் கோஸ் சாயம் விடும், நல்ல துணியை எடுக்காதீர்கள். பிழிந்தபின் ஒரு குச்சியை மென்று பாருங்கள். நெகிழ்ந்து வளைய வேண்டும், பல்லில் மட்டும் நறுக்கென்று கேட்க வேண்டும்.

இப்போது ஒரு தேக்கரண்டி ஆலிவ் எண்ணெயை முதலில் பிசறி, அதன்மேல் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, அரைத் தேக்கரண்டி சர்க்கரை, மிளகுத்தூள். எண்ணெய் முதலில் என்பதை மாற்றாதீர்கள். காயைச் சுற்றி எண்ணெய் படிந்துவிட்டால் மிச்ச ஈரம் மெதுவாகத்தான் கசியும். மறுபடி உப்பு வேண்டாம். மயோனீஸும் வேண்டாம் என்பது என் கட்சி. ஹம்மஸிலேயே எள்ளின் கொழுப்பு இருக்கிறது, இன்னொன்று சேர்ந்தால் நாக்கு மந்தமாகிவிடும்.

படி 3: ரொட்டியும் தக்காளியும்

பல தானிய ரொட்டியை நன்றாக டோஸ்ட் செய்து, கம்பி வலைமேல் முழுக்க ஆறவிடுங்கள். தட்டில் வைத்தால் அடியில் ஆவி தங்கும். சதைப்பற்றான ரோமா தக்காளியை அரை சென்டிமீட்டர் கனத்தில் வெட்டி, உப்பு தூவி, டிஷ்யூ தாளில் பத்து நிமிடம் வையுங்கள்.

படி 4: அடுக்குவது

இரண்டு துண்டுகளிலும் ஹம்மஸ் தடவுங்கள். ஓரம் வரை, மூலைகள் உட்பட. ஈரம் ரொட்டிக்குள் இறங்காமல் தடுப்பது இந்தப் பூச்சுதான், விட்ட இடத்தில் ரொட்டி ஊறும். அடியில் தக்காளி, அதன்மேல் கைப்பிடி ஸ்லா, பிறகு மேல் ரொட்டி. லேசாக அழுத்தினால் ஸ்லா மேல் ஹம்மஸில் ஒட்டிக்கொள்ளும். கடிக்கும்போது மறுபக்கம் கொட்டாது. ரம்பப் பல் கத்தியால் வெட்டுங்கள்.

படி 5: பூங்காவுக்குள் கொண்டுபோவது

பட்டர் பேப்பரில் சுற்றி டப்பாவில் வையுங்கள். நுழைவாயிலில் பையைச் சோதிப்பார்கள். கண்ணாடிப் பாத்திரம், உதிரி ஐஸ், மது மூன்றுக்கும் அனுமதி இல்லை. மறுபடி உறையவைக்கும் ஐஸ் பேக் கொண்டுபோகலாம், கட்டாயம் கொண்டுபோங்கள். வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், குளிர்ச்சியில்லாத சாப்பாடு ஒரு மணி நேரத்துக்கு மேல் பாதுகாப்பில்லை. தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டாம். குளிர்பானம் ஊற்றித் தரும் கவுண்டர்களில் கேட்டால் ஐஸ் தண்ணீர் இலவசமாகவே கொடுப்பார்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

விமானத்தில் ஹம்மஸ் டப்பாவைப் பிடுங்கிவிட்டார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். அமெரிக்க விமான நிலையங்களில் ஹம்மஸும் திரவக் கணக்கில் வரும்; கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். ரொட்டிக்குள் தடவியிருந்தால் பிரச்சினை இல்லை.

செய்துகொண்டு போக முடியாதவர்கள் மெனுவில் பச்சை இலைக் குறியைத் தேடுங்கள். 2019 முதல் டிஸ்னி அதைப் போடுகிறது. இறைச்சி, முட்டை, பால், தேன் எதுவும் சேராத பண்டம் என்று பொருள். பொரித்த பண்டமாக இருந்தால், மீன் பொரித்த எண்ணெயா என்று தயங்காமல் கேட்டுவிடுங்கள்.

தஹினி கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் தோல் நீக்கிய வெள்ளை எள்ளை நிறம் மாறாமல் வறுத்து, ஆறியபின் கொஞ்சம் எண்ணெய் விட்டு அரையுங்கள். சிவந்தால் கசக்கும். நல்லெண்ணெயை மட்டும் ஊற்றிச் சமாளிக்க முடியாது, கெட்டித்தன்மை வராது. பூண்டு சேர்க்காதவர்கள் அதை விட்டுவிட்டு வறுத்த சீரகத்தூள் அரைத் தேக்கரண்டி போடுங்கள். கடலைக்கு அதுவும் நன்றாகவே சேரும்.