‘ஒரு மாதிரி ஆயிடுச்சு’ என்ற பதிலுக்கு எத்தனை மார்க்? வளரிளம் பருவத்தினரின் உணர்வறிதலை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரையாண்டு விடுமுறை முடிந்ததும் காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டைப் பக்கத்துப் பள்ளிகளில் உளவியல், சமூகப்பணி மாணவர்கள் தங்கள் ஆய்வுக்கான கேள்வித்தாள் கட்டோடு வந்து நிற்பார்கள். பொதுத்தேர்வுப் பரபரப்பு தொடங்குவதற்குள் 9, 11ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் தாளை நிரப்பி வாங்கியாக வேண்டும். அந்த அவசரத்தில் விழும் பள்ளமும் வருடா வருடம் அதேதான். சீனியர்கள் விழுந்தது, சீனியர்களுக்கு வழிகாட்டியவர்களும் ஒரு காலத்தில் விழுந்தது. வயது எழுதாத தாள், பின்பக்கம் நிரப்பாத தாள் பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அவை கண்ணில் படும், திருத்திக்கொள்ளலாம்.

உணர்வறிதலையும் உணர்வை வெளியே சொல்வதையும் ஒன்றாக்குவது

தனக்குள் ஓடுவது கோபமா, அவமானமா, பயமா என்று பிரித்தறிவதும், எதிரில் இருப்பவருக்கு என்ன ஓடுகிறது என்று அறிவதும்தான் உணர்வறிதல். வீட்டில் வாயே திறக்காத பையன் தன் கோபத்தைத் துல்லியமாக அறிந்தவனாக இருக்கலாம். ரீஃபேயும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஈஏகியூ-30 கேள்வித்தாள் இதனால்தான் ஆறு பகுதிகளாக இருக்கிறது. உணர்வுகளைப் பிரித்தறிதல் ஒரு பகுதி, வாய்விட்டுப் பகிர்தல் வேறொரு பகுதி, மறைக்காதிருத்தல் இன்னொன்று. ஆறையும் கூட்டி ஒரே மொத்தம் போட்டால் கூச்ச சுபாவமுள்ள பிள்ளை ‘உணர்வறியாத’ பிள்ளையாகிவிடும்.

பெரியவர்களுக்குப் போட்ட கோடு

தன் உணர்வை அறியவும் சொல்லவும் முடியாத நிலைக்கு அலெக்சிதைமியா என்று பெயர். அதை அளக்கும் டொரன்டோ அலெக்சிதைமியா அளவுகோலில் (டாஸ்-20) 61 அல்லது அதற்கு மேல் என்ற எல்லை பெரியவர்களுக்கானது. 13 வயதுப் பிள்ளைக்கு அதை வைத்து முத்திரை குத்தாதீர்கள். மதிப்பெண்ணை மதிப்பெண்ணாகவே எடுத்து ஒப்பிடுங்கள்.

தலைகீழ்க் கேள்விகள்

அதே டாஸ்-20இல் 4, 5, 10, 18, 19 ஆகிய ஐந்து கேள்விகளும் மற்றவற்றுக்கு எதிர்த்திசையில் கேட்பவை. அவற்றுக்கு வந்த மதிப்பெண்ணை 6இலிருந்து கழித்துத் திருப்ப வேண்டும். இவற்றில் நான்கு, வெளிநோக்குச் சிந்தனை என்ற மூன்றாம் பகுதியில் இருக்கின்றன. அந்தப் பகுதியில் மொத்தமே எட்டுக் கேள்விகள். சிறு வயதினரிடம் ஏற்கெனவே அதன் நம்பகத்தன்மை குறைவு. திருப்ப மறந்தால் அந்தப் பகுதி பொருளற்றுப் போகும். கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஆல்ஃபா எண் மிகக் குறைவாகவோ எதிர்க்குறியோடோ வந்தால் பிள்ளைகளைக் குறை சொல்லும் முன் எக்செல் தாளைப் பாருங்கள்.

தன்மதிப்பீட்டுத் தாள் ஒன்றை மட்டும் நம்புவது

தன் உணர்வு தனக்குப் பிடிபடாத பிள்ளையிடமே “உனக்குப் பிடிபடுகிறதா?” என்று கேட்கிறோம். பிடிபடவில்லை என்பதே அதற்குத் தெரியாமல் இருக்கலாம். அதனால் பதிலை எழுதவைத்து நாம் மதிப்பெண் போடும் லீயஸ் போன்ற ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். லேனும் குழுவினரும் 1990இல் வெளியிட்ட உணர்வறிதல் நிலைகள் அளவுகோல் இது. பெரியவர்களுக்கு 20 சூழல்கள், 2005இல் வந்த சிறுவர் வடிவத்தில் 12. தன்மதிப்பீட்டுத் தாளும் லீயஸும் தங்களுக்குள் அதிகம் ஒத்துப்போகாது. அதைப் பார்த்துப் பதற வேண்டாம். அளக்கும் சரக்கே வேறு.

பதிலை ஆங்கிலமாக்கி மார்க் போடுவது

எத்தனை தடவை சொன்னாலும் ஓயாத தவறு இது. மாதக்கணக்கான உழைப்பைத் தின்றுவிடும்.

லீயஸில் ஒவ்வொரு சூழலுக்கும் இரண்டே கேள்விகள்: உனக்கு எப்படி இருக்கும்? அவருக்கு எப்படி இருக்கும்? உணர்வே இல்லாத பதிலுக்கு 0. உடம்பில் தெரிவதை மட்டும் சொன்னால் 1. ‘நல்லா இருக்கும்’, ‘கஷ்டமா இருக்கும்’ போன்ற பொத்தாம்பொதுவான சொல்லுக்கும், ‘ஓங்கி அடிக்கணும்போல இருக்கும்’ போன்ற செயல் உந்துதலுக்கும் 2. கோபம், பயம், பொறாமை என்று தெளிவான ஓர் உணர்வுக்கு 3. ஒன்றோடொன்று வேறுபட்ட இரண்டு உணர்வுகளுக்கு 4. தனக்கு ஒன்று, மற்றவருக்கு ஒன்று என்று தனித்தனியே மதிப்பிட்டு, இரண்டில் பெரியதே அந்தச் சூழலின் மொத்தம். இரண்டுமே 4ஆக இருந்து, ஒன்றிலிருந்து மற்றது வேறுபட்டும் இருந்தால் 5.

அந்தப் பாணியில் நாமே ஒரு சூழலை வைத்துப் பார்ப்போம். நீ நோட்டில் ரகசியமாக எழுதி வைத்ததை நண்பன் எடுத்து வகுப்பில் சத்தமாகப் படித்துவிடுகிறான். ஒன்பதாம் வகுப்புப் பையன் எழுதுகிறான்: “அசிங்கமா போச்சு. அவன் மேல செம காண்டு. அப்புறம் அவனுக்கும் ஒரு மாதிரி ஆயிருக்கும்.”

இந்தப் பக்கத்துத் தமிழ் தெரிந்தவருக்கு இது லேசு. அவமானம், கோபம்: தனக்கு 4. ‘ஒரு மாதிரி’ பொத்தாம்பொது: நண்பனுக்கு 2. மொத்தம் 4.

இதையே கணினியில் ஆங்கிலமாக்கி, மூலக் கையேட்டின் ஆங்கிலச் சொற்பட்டியலில் தேடுபவர் என்ன செய்வார்? ‘அசிங்கம்’ அழுக்கு என்றோ அவலட்சணம் என்றோ மாறும். அது உணர்வுச் சொல் ஆகாது, 0. ‘காண்டு’ எந்த அகராதியிலும் அகப்படாமல் விடுபடும். ‘ஒரு மாதிரி’யும் 0. நாலு வாங்க வேண்டிய பையனுக்கு முட்டை. சூழலுக்கு ஒரு மார்க் குறைந்தாலே சிறுவர் வடிவத்தின் 60இல் 12 போய்விடும். பிறகு ‘வேலூர் மாணவர்களின் உணர்வறிதல் குறைவு’ என்று முடிவுரை எழுதுவார்கள். குறைவு யாருக்கு என்பதுதான் கேள்வி!

சிக்கல் தரும் சொற்கள் சில:

‘வயிறு எரியுது’ வயிற்றுவலி அல்ல. சூழலைப் பார்த்துப் பொறாமை அல்லது ஆற்றாமை என்று 3 போடுங்கள். ‘தலை வலிச்சது’, ‘நெஞ்சு படபடன்னு அடிச்சது’ இரண்டும் 1தான். அவற்றுக்குள் பயத்தை நீங்களாகப் படித்துச் சேர்க்காதீர்கள்.

‘பாவமா இருந்துச்சு’ என்பதை எதிராளியின் உணர்வாகக் கணக்கிடுவார்கள். இரக்கப்படுவது எழுதுகிறவர். அந்த 3 தன் கணக்கில் சேர வேண்டும்.

‘டென்ஷன்’ என்றால் கோபமாகவும் இருக்கலாம், பதற்றமாகவும் இருக்கலாம். பக்கத்து வாக்கியம் காட்டிக்கொடுக்காவிட்டால் 2. ‘ஃபீல் ஆயிடுச்சு’ என்றால் பிள்ளைகள் பேச்சில் பெரும்பாலும் சோகம். ஆனால் எல்லாப் பள்ளியிலும் அப்படியா என்று முன்கூட்டியே கேட்டுப் பார்த்து ஒரே முடிவாக எடுங்கள்.

இதற்கு வழி, தமிழிலேயே ஒரு சொற்பட்டியல் தயாரிப்பதுதான். ஆய்வில் சேராத, அதே வயது, அதே ஊர்ப் பிள்ளைகள் 25, 30 பேரிடம் முதலில் எழுதி வாங்குங்கள். வரும் சொற்களையெல்லாம் திரட்டி ஒவ்வொன்றுக்கும் நிலை குறியுங்கள். பிறகு உண்மையான தாள்களில் ஐந்தில் ஒரு பங்கை, இந்தப் பேச்சு காதில் பழகிய இருவர், ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல் மதிப்பிடட்டும். இருவரின் ஒப்புமை 0.80க்குக் கீழே வந்தால் பட்டியலைத் திருத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள். பதில்களை எழுத்துப்பிழையோடு அப்படியே தமிழில் தட்டச்சு செய்யுங்கள். ஆங்கிலமாக்கியதை மட்டும் கணினியில் ஏற்றிவிட்டுத் தாள்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டவருக்குத் திரும்பி வர வழியே கிடையாது.

இன்னொன்று. நீளமாக எழுதுபவருக்கு இதில் மார்க் கூடத்தான் செய்யும். பதிலின் சொல் எண்ணிக்கையையாவது குறித்து வைத்துப் பகுப்பாய்வில் சேருங்கள். எழுத்து வராத பிள்ளையிடம் வாய்மொழியாகக் கேட்டால், எல்லோரிடமும் வாய்மொழியாகவே கேளுங்கள்.

‘உணர்ச்சி’ என்ற சொல்

கேள்வித்தாளில் இதைப் படித்ததும் பின் பெஞ்சில் சிரிப்பு கிளம்பும். ஏன் என்று பிள்ளைகளிடம் கேட்க வேண்டியதில்லை. ‘மனசுல என்ன தோணுது’ என்று மாற்றிவிட்டு, ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பார்த்து, மூலத்தோடு ஒப்பிடுங்கள். ‘தெரியாமல் இருப்பதில்லை’ போன்ற இரட்டை எதிர்மறை ஒன்றுகூட மிஞ்சக் கூடாது.

வீட்டு மொழியைக் கேட்காமல் விடுவது

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரத்தில் உருது. குடியாத்தம், காட்பாடிப் பக்கம் பல வீடுகளில் தெலுங்கு. தமிழ் வழியில் படிப்பவர் தமிழில்தான் கோபப்படுவார் என்று யார் சொன்னது? முதல் பக்கத்திலேயே ஒரு கட்டம் போடுங்கள். உருதுச் சொல் கலந்து வந்த பதிலை அந்த மொழி தெரிந்தவர் மதிப்பிடட்டும்.

வகுப்பாசிரியர் உள்ளே நிற்பது

வெளியே இருக்கச் சொல்லுங்கள். பணிவாக.

தலைமையாசிரியர் அனுமதியே போதும் என்பது

போதாது. 18 வயதுக்குக் கீழ் பெற்றோர் சம்மதம் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைப்படி 12 முதல் 18 வயதுப் பிள்ளைகளிடம் அவர்கள் ஒப்புதலையும் எழுத்தில் வாங்க வேண்டும்.

தாள்களை வார இறுதிக்குத் தள்ளிவைப்பது

திறந்த கேள்விக்கு ஏதோ ஒரு பிள்ளை ‘செத்துடலாம்னு இருக்கு’ என்று எழுதியிருக்கும். அதை மூன்று வாரம் கழித்து மதிப்பெண் போடும்போது படிக்கக் கூடாது. வாங்கிய அன்று மாலையே எல்லாத் தாளையும் ஒரு பார்வை பாருங்கள். பெயர் இல்லாத தாளாக இருந்தாலும் ஆளைக் கண்டுபிடிக்க எண் வேண்டும். எண்ணும் பெயரும் உள்ள பட்டியல் தனியாகப் பூட்டி இருக்கட்டும். ‘யாரிடமும் சொல்ல மாட்டோம்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ‘உன் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால் மட்டும் பெரியவர் ஒருவரிடம் சொல்வோம்’ என்று ஒப்புதல் படிவத்திலேயே எழுதுங்கள். யாரிடம் அனுப்புவது என்பதைப் பள்ளிக்குள் நுழையும் முன்பே முடிவு செய்து, மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டையும் அச்சிட்ட துண்டுச் சீட்டை எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள். தேவைப்பட்டவருக்கு மட்டும் கொடுத்தால் அவர் யார் என்று வகுப்புக்கே தெரிந்துவிடும்.