அல்விசோ கழிமுகத்தில் பாதரசம் எவ்வளவு ஆவியாகிறது: அளப்பது எப்படி?

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் தென்கோடியில், சான் ஹோசேயைத் தாண்டி வரும் குவாடலூப் ஆறு அல்விசோவில் கலக்கிறது. 1840-களிலிருந்து நியூ அல்மடேன் சுரங்கத்தில் பாதரசம் எடுத்த மிச்சம் இந்த ஆற்றோடுதான் இறங்கி வந்தது. நீரில் கரைந்திருப்பதில் ஒரு பங்கை வெயில் வாயுவாக மாற்றுகிறது, அதைக் காற்று கிளப்பிக்கொண்டு போகிறது. அதனால் நீரில் உள்ள வாயுவையும் மேலே காற்றில் உள்ளதையும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும்.

அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய கண்ணாடி அல்லது டெஃப்ளான் பாட்டில் வேண்டும். மோட்டாரை அணைத்துவிட்டுப் படகின் முன்பக்கம், காற்று வரும் திசையில் கையை நீட்டி, பாட்டிலை நீருக்கடியிலேயே திறந்து, நிரப்பி, அங்கேயே மூடுங்கள். உள்ளே ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது. அப்புறம், பல்லில் வெள்ளி அடைப்பு இருக்கிறதா? புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் கேட்பதே இதைத்தான்; சிரிப்பார்கள். அந்த அடைப்பில் பாதி பாதரசம். அப்படிப்பட்டவர் பாட்டிலின் மேல் குனிந்து மூச்சு விட்டால் மாதிரி கெட்டது.

அலுமினியத் தாளில் சுற்றி ஐஸ் பெட்டியில் வையுங்கள். அமிலம் சேர்க்காதீர்கள். சில மணி நேரத்துக்குள் பாதரசம் நீக்கிய ஆர்கானை நீருக்குள் குமிழிகளாக விட்டு, வெளிவரும் வாயுவை சோடா லைம் என்ற ஈரம் உறிஞ்சும் சுண்ணாம்புக் கலவையில் உலர்த்தி, தங்கம் பூசிய மணல் குழாயில் பிடிக்க வேண்டும். குழாயைச் சூடாக்கினால் தங்கம் பாதரசத்தை விட்டுவிடும். அதை ஒளிர்வுமானி 253.7 நானோமீட்டர் அலைநீளத்தில் அளக்கும். காற்றுக்கும் இதே தங்கக் குழாய்தான், நீர்மட்டத்துக்கு ஒன்றிரண்டு மீட்டர் மேலே.

கணக்குக்கு ஓர் உதாரணம். காற்றில் கன மீட்டருக்கு 1.5 நானோகிராம், நீர் 20 டிகிரி என்று வைப்போம். சமநிலையில் காற்றில் உள்ள அளவு நீரில் உள்ளதில் எத்தனை பங்கு என்பதே ஹென்றி மாறிலி; அந்த வெப்பத்தில் அது சுமார் 0.28. 1.5-ஐ அதனால் வகுத்தால் கன மீட்டருக்கு 5.4 நானோகிராம் வரும். சமநிலைக்கு நீரில் அவ்வளவு போதும். நீரில் 50 இருந்தால், சுமார் 45 மிகை. பத்து மீட்டர் உயரத்தில் நொடிக்கு 5 மீட்டர் காற்றடித்தால், பரிமாற்ற வேகம், அதாவது வாயு நீரிலிருந்து காற்றுக்குக் கடக்கும் வேகம், மணிக்கு ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் (0.06 மீட்டர்). 0.06-ஐ 45-ஆல் பெருக்குங்கள்: சதுர மீட்டருக்கு மணிக்கு 2.7 நானோகிராம்.

காற்று இரட்டித்தால் பரிமாற்ற வேகம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். இங்கே கோடையில் காற்று பிற்பகலில்தான் வலுக்கும், நீரில் வாயு நண்பகலை ஒட்டி உச்சம் தொடும். நண்பகல் அளவையும் நாள் சராசரிக் காற்றையும் சேர்த்துப் போடும் கணக்கை நான் நம்ப மாட்டேன். ஆழம் குறைந்த இடங்களில் ஓதமும் நீரைக் கலக்கும். காற்றை மட்டும் வைத்த சூத்திரத்தில் அது இல்லை. எனவே ஏற்றமா, வற்றமா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

விடை எதிர்மறையாக வந்தால், பாதரசம் காற்றிலிருந்து நீருக்கு இறங்குகிறது. அப்படி எழுதுவதற்கு முன் பாதரசம் இல்லாத வெற்று மாதிரியை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.