பழைய படங்களை ப்ளூ-ரேயில் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உறையில் ‘எச்டி’ என்று போட்டிருந்தாலே நம்பி வாங்குவதுதான் முதல் தவறு. டிவிடியில் மேலிருந்து கீழாகப் படத்துக்கு 480 அல்லது 576 புள்ளி வரிகள், அதற்கு அடுத்து வந்த ப்ளூ-ரே டிஸ்க்கில் 1080. ஆனால் பழைய வீடியோ டேப்பில் இருந்ததை 1080-க்கு இழுத்துப் போட்டாலும் அதுவும் ப்ளூ-ரேதான். டேப்பில் இல்லாத நுணுக்கம் இழுத்தால் மட்டும் வந்துவிடாது. ஸ்கேன் செய்தது ஒரிஜினல் நெகட்டிவையா, தியேட்டரில் ஓடித் தேய்ந்த பிரிண்டையா என்று விசாரியுங்கள்.

சத்யஜித் ராயின் அபு மூன்று படங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1993-இல் லண்டனில் ஒரு லேபில் தீப்பிடித்து அவற்றின் நெகட்டிவ்கள் கருகின. கருகிச் சுருண்ட அந்தச் சுருள்களை இத்தாலியின் போலோனாவில் ஈரமேற்றி, விரித்து, ஒட்டி, தேறிய பகுதிகளை ப்ளூ-ரேயைவிட நுணுக்கமான 4கே-யில் ஸ்கேன் செய்தார்கள். தேறாத இடங்களை வேறு பிரதிகளிலிருந்து நிரப்பினார்கள். 2015-இல் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் ப்ளூ-ரேயாக வெளியிட்டது. இப்படி உழைத்துச் செய்த டிஸ்க்கையும் டேப்பிலிருந்து இழுத்ததையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம், திரையில் பொடிப்பொடியாக அசையும் கிரெயினைக் குறை என்று நினைத்துவிடாதீர்கள். பிலிமில் பிம்பமே அந்தத் துகள்களால் ஆனது. அபு படங்களில் முதலாவதான ‘பதேர் பாஞ்சாலி’யின் கிழவி இந்திர் தாக்ருணின் முகத்தைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். பொக்கை வாயைச் சுற்றி ஒவ்வொரு சுருக்கமும் தனித்தனியாகத் தெரியும். கிரெயினைக் கம்ப்யூட்டரில் வழித்துவிட்டால் அந்தச் சுருக்கங்களும் சேர்ந்து போய், முகம் மெழுகு பொம்மையாகிவிடும். டிவியில் கிரெயினை வழிக்கும் ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’, அசைவைச் செயற்கையாக வழுவழுப்பாக்கும் ‘மோஷன் ஸ்மூத்திங்’ இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

பக்கவாட்டில் கறுப்புப் பட்டை வருகிறதே என்று ஜூம் செய்யவும் வேண்டாம். அந்தக் காலப் படச் சட்டம் ஏறக்குறைய சதுரம். அகலத் திரைக்கு நிரப்பினால் மேலும் கீழுமாகக் கால்வாசி போய்விடும், நடனம் என்றால் பாதமே தெரியாது.

காசை வீணாக்கும் தவறு, ரீஜன் கோடைப் பார்க்காமல் வாங்குவது. டிஸ்க் எந்தப் பகுதி நாடுகளின் பிளேயரில் ஓடும் என்று பூட்டிவைக்கும் எழுத்து அது. என்னையே அது ஏமாற்றியது. ஆசையாக அமெரிக்காவிலிருந்து வரவழைத்த டிஸ்க்கைச் சென்னையில் பிளேயரில் போட்டால், ‘இந்த ரீஜனுக்கு இல்லை’ என்று ஒரு வரிதான் வந்தது. இந்தியாவும் இலங்கையும் சி, அமெரிக்காவும் சிங்கப்பூர், மலேசியாவும் ஏ, பிரிட்டன் பி. லண்டன் சித்தப்பா வாங்கித் தருவது சிங்கப்பூர் அக்கா வீட்டில் ஓடாமல் போகலாம். 4கே டிஸ்க்குகளுக்கு இந்தப் பூட்டு கிடையாது. ஆனால் அதே பெட்டியில் கூட வரும் ப்ளூ-ரேக்கு இருக்கலாம்.

படத்தின் பெயரை மட்டும் தேடிவிட்டு, கிடைக்கவில்லை என்று விட்டுவிடுவதும் தவறு. நடனக் கலைஞர் உதய சங்கரின் ‘கல்பனா’, சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்து 1948-இல் வெளியான நடனப் படம். சீரமைத்த பிரதியை 2012-இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள். அதன் ப்ளூ-ரே, பழைய படங்களைச் சீரமைக்கும் ஹாலிவுட் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸியின் ‘வேர்ல்ட் சினிமா புராஜெக்ட்’ நான்காம் தொகுப்பில், வேறு ஐந்து நாட்டுப் படங்களோடு ஒரே பெட்டியில் இருக்கிறது. அட்டையில் பெரிதாகத் தெரிவது தொகுப்பின் பெயர்தான்.