பேஸை எங்கே வெட்டுவது?

கிளிநொச்சி, பரந்தன் பக்கம் ஹோம் தியேட்டர் செற் பூட்டிக் கொடுக்கிறவன் நான். "பேஸ் கும்முது, கதைக்கிறது விளங்கேல்லை" என்று கூப்பிடுகிற வீடுகளில் அநேகமாக ஒரே நிலைமைதான்: எல்லா ஸ்பீக்கருக்கும் சத்தத்தைப் பிரித்து அனுப்புகிற ரிசீவரில் எல்லா ஸ்பீக்கரும் 'லார்ஜ்', சப்வூபரின் (பேஸ், அதாவது அடித்தொனிக்கான பெட்டியின்) முதுகிலுள்ள கிராஸ்ஓவர் திருகு பாதியில்.

முதலில் ரிசீவர் மெனுவில் எல்லாவற்றையும் 'ஸ்மால்' ஆக்குங்கள். ஆளுயரப் பெட்டி வாங்கினவர்களுக்கு இது கௌரவப் பிரச்சினை. பெட்டியின் அளவை இங்கே யாரும் கேட்கவில்லை. அடித்தொனியைச் சப்வூபருக்கு அனுப்பச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

கிராஸ்ஓவரை, அதாவது ஸ்பீக்கரிலிருந்து வெட்டிச் சப்வூபருக்குக் கொடுக்கிற எல்லையை, 80 ஹேர்ட்ஸில் வைத்துத் தொடங்குங்கள். படச் சத்தத்துக்குத் தரம் வகுக்கிற டிஎச்எக்ஸ் (THX) காரர் வகுத்த அளவு அது. அதற்குக் கீழுள்ள சத்தம் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று காது லேசில் பிடிக்காது. அலுமாரித் தட்டில் வைக்கிற சின்ன ஸ்பீக்கர் என்றால் 100, மிஞ்சினால் 120. அதற்கும் மேலே போனால் ஆண் குரல்கள் சப்வூபர் இருக்கிற மூலையிலிருந்து கதைக்கத் தொடங்கும்.

ரிசீவரில் வெட்டியாயிற்று என்றால் சப்வூபரின் கிராஸ்ஓவர் திருகைக் கடைசிவரை ஏற்றிவிடுங்கள் (வொலியூம் திருகை அல்ல). அந்தத் திருகைத் தாண்டிப் போகிற 'எல்எஃப்இ' (LFE) துளை இருந்தால் வயரை அதில் செருகினால் சரி. இரண்டு இடத்தில் வெட்டினால் நடுவில் பள்ளம் விழும். ரிசீவர் மெனுவில் உள்ள 'எல்பிஎஃப் ஃபோர் எல்எஃப்இ' (LPF for LFE) என்ற அமைப்பு வேறு. அது படத்தின் தனி பேஸ் சனலுக்கு உரியது, 120இல் கிடக்கட்டும்.

இனி அறை. உண்மையான சண்டை இதோடுதான். வீட்டுத்திட்ட வீடுகளில் ஹோல் 10, 12 அடி. சீமெந்துக் கல் சுவர், சீமெந்து நிலம். 12 அடிச் சுவர்களுக்கிடையே 47, 48 ஹேர்ட்ஸ் அளவில் அலை தேங்கி நிற்கும். நீளமும் அகலமும் ஒன்றென்றால் இரண்டு தேக்கமும் ஒரே ஹேர்ட்ஸில் சேர்ந்து இன்னும் மோசம். இதை எந்தத் திருகாலும் முழுதாகத் திருத்த முடியாது, இடம் மாற்றித்தான் பார்க்க வேண்டும். நீங்கள் இருந்து பார்க்கிற கதிரையில் சப்வூபரைத் தூக்கி வையுங்கள். பேஸ் ஏறி இறங்குகிற பாட்டொன்றைப் போட்டுவிட்டுச் சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். பிள்ளைகள் சிரிக்கும், சிரிக்கட்டும். எல்லாச் சுரமும் ஒரே அளவாகக் கேட்கிற இடம்தான் பெட்டிக்குரிய இடம். மூலையில் வைத்தால் சத்தம் கூடும், தேக்கமும் கூடும்.

சப்வூபரும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று அழிக்காமல் சேர்ந்து ஒலிக்கப் பண்ணுகிற ஃபேஸ் (phase) சுவிச்சுக்கு இரண்டு பேர் வேண்டும். 80 ஹேர்ட்ஸ் சோதனைச் சத்தம் சப்வூபரிலும் முன் ஸ்பீக்கர்களிலும் சேர்ந்து ஓடட்டும். ஒருவர் கதிரையில் இருக்க, மற்றவர் 0, 180 என்று மாற்ற, கூடக் கேட்கிற பக்கத்தில் விட்டுவிடுங்கள்.

அளவுக்கு, ரிசீவரின் சோதனை இரைச்சலில் எல்லா ஸ்பீக்கரையும் 75 டெசிபலுக்குக் கொண்டுவாருங்கள். ஃபோனிலுள்ள டெசிபல் மீட்டரால் அளந்தால் அதன் மைக் அடித்தொனியைக் குறைத்துக் காட்டக்கூடும். மீட்டரை நம்பிச் சப்வூபரை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள்.

பிறகும் கிர்ரென்றால் சப்வூபரைத் திட்டாமல் கூரைத் தகரம், யன்னல் கொண்டி, அலுமாரிக் கண்ணாடி என்று ஒவ்வொன்றாகக் கை வைத்துப் பாருங்கள். பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி இடையில் செருகினால் நின்றுவிடும்.

யன்னலைத் திறந்து வைத்துப் படம் பார்க்கிற வீடென்றால் திறந்தபடியே இவ்வளவையும் செய்யுங்கள். மழைக்குச் சாத்துகிற இரவில் பேஸ் கூடினதுபோல் இருந்தால் சப்வூபரை இரண்டு மூன்று டெசிபல் இறக்கினால் போதும்.