டப்பாவை யார் கழுவுவது? வீட்டுப் பொருள் வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுப் பொருள் வடிவமைக்கிறேன் என்று காரைக்குடிப் பக்கம் வருகிற பிள்ளைகள் இப்போது அதிகம். கல்லூரி ப்ராஜெக்டுக்காக வருகிறவர்கள் உண்டு. நகரத்து வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஏதாவது செய்யலாம் என்று ஊர் திரும்பியவர்களும் உண்டு. பட்டறைக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து காட்டுவார்கள். சில யோசனைகளைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கும். ஆனால் அடுத்து எங்கே சறுக்குவார்கள் என்பதும் தெரிந்துவிடும். இந்தத் தொழிலில் நாங்கள் எல்லோரும் வரிசையாக விழுந்து எழுந்த இடங்கள்தானே. செலவைக் கணக்குப் போடுங்கள், போட்டியாளரைப் பாருங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

உங்கள் கையை மட்டும் அளப்பது

இருபத்தைந்து வயதுக் கைக்கு எந்தப் பிடியும் வசதிதான். மூட்டு வீங்கிய ஆச்சியின் கையில் கொடுத்துப் பாருங்கள். அமெரிக்காவில் சாம் ஃபார்பர் என்பவரின் மனைவிக்கு மூட்டுவலி. காய் சீவும் கருவியின் மெல்லிய இரும்புப் பிடியைப் பிடிக்க அவர் சிரமப்பட்டார். அதைப் பார்த்துத் தடித்த ரப்பர் பிடி வைத்துச் செய்யப்பட்டதுதான் 1990இல் வந்த ஆக்ஸோ குட் கிரிப்ஸ் வரிசை. மூட்டுவலி இல்லாதவர்களும் அதைத் தேடி வாங்கினார்கள். நம் சமையல்கட்டில் இன்னொன்றும் உண்டு: கை எப்போதும் ஈரமாகவோ எண்ணெய்ப் பிசுக்காகவோதான் இருக்கும். மாதிரியைக் காய்ந்த கையால் பிடித்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

ஒரே பொருளில் ஐந்து வேலை

வேண்டாம்.

கழுவிப் பார்க்காமல் டை வெட்டுவது

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். டை என்றால் பிளாஸ்டிக்கை உருக்கிச் செலுத்தி வார்க்கிற இரும்பு அச்சு. மற்றவை கொசுறு.

பொருள் பயன்படுகிற நேரத்தை மட்டும்தான் எல்லோரும் வரைகிறார்கள். மூடி திறக்கிறது, கை உள்ளே போகிறது, முறுக்கு வெளியே வருகிறது. டப்பா காலியான பிறகு? தொட்டிக்குப் போய், தேய்பட்டு, கவிழ்ந்து கிடந்து காயவேண்டும். இது ஒரு படத்திலும் இருப்பதில்லை. பல வீடுகளில் வாங்குகிறவர் ஒருவர், கழுவுகிறவர் இன்னொருவர். அதனால் கழுவுகிறவரிடம் கேட்கவேண்டும் என்றே யாருக்கும் தோன்றுவதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி பலகார டப்பா செய்தார். யோசனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இங்கே கல்யாணம், சடங்கு என்றால் சீப்புச் சீடை, மனகோலம், மாவுருண்டை, அதிரசம் என்று நிறையச் செய்து வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடுத்தனுப்புவார்கள். அதற்காக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும் பிளாஸ்டிக் டப்பா. மூடியின் அடியில் சுற்றிலும் ஒரு பள்ளம், பள்ளத்துக்குள் ரப்பர் மாதிரியான சிலிக்கோன் வளையம். காற்றுப் புகாது, சீடை நமுக்காது. தெரிந்த வீடுகளுக்கெல்லாம் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினார். "நல்லா இருக்குப்பா" என்றார்கள். வீடு தேடி வந்த பிள்ளையிடம் நம் ஊரில் வேறென்ன சொல்வார்கள்? அதைச் சந்தை ஆய்வு என்று எழுதி வைத்துக்கொண்டு கோயம்புத்தூரில் டைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்.

பள்ளத்தின் அகலம் 3 மில்லிமீட்டர். விரல் போகாது, நார் போகாது. மாவுருண்டையிலிருந்து உதிரும் நெய் மாவு அங்கே போய் இறுகிவிடும். சிலிக்கோன் எண்ணெயையும் வாசனையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கொஞ்ச நாளில் சிக்கு வாடை வரும், அடுத்து வைக்கிற பலகாரத்திலும் அதே வாடை ஏறும். சரி, வளையத்தைக் கழற்றிக் கழுவலாம் என்றால் பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது. சரியாகக் காயாமல் மூடினால் அந்த ஈரம் வெளியே போக வழியில்லை. சீடை நமுக்கக்கூடாது என்று செய்த டப்பாவிலேயே சீடை நமுத்தது.

அவர் டப்பா கொடுத்திருந்த ஒரு வீட்டில், பாத்திரம் தேய்க்கிற அக்கா ஊக்கால் அந்தப் பள்ளத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "இதைச் செஞ்சவர ஒரு நாள் வந்து கழுவச் சொல்லுங்கண்ணே" என்றார். அதைவிடத் தெளிவான ஆய்வு அறிக்கையை நான் படித்ததில்லை.

பள்ளத்தைக் கொஞ்சம் அகலமாக்கினால் போயிற்று என்று நினைப்பீர்கள். அங்கேதான் பணம் போகிறது. டையில் எல்லாம் தலைகீழ். பொருளில் பள்ளம் என்றால் டையில் அது மேடு. பள்ளம் அகலமாக வேண்டுமானால் டையில் அந்த மேடு தடிக்க வேண்டும், அதாவது இரும்பைச் சேர்க்க வேண்டும். டையில் இரும்பைச் செதுக்கி எடுப்பது எளிது. சேர்ப்பதற்கு வெல்டிங் வைத்து மறுபடி மெஷினில் ஓட்டவேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பகுதியைத் தனித்துண்டாகச் செய்து பொருத்தவேண்டும். அவர் வெல்டிங் வைத்துப் பார்த்தார், மூடியில் அதன் தடம் விழுந்தது. கடைசியில் மூடிக்கான டையையே புதிதாக வெட்டினார். லட்சக் கணக்கில் போன பணம்.

ஆகவே, எந்தப் பள்ளத்தின் அளவில் சந்தேகம் இருக்கிறதோ அதை முதல் டையில் அகலமாகவே வையுங்கள். பிறகு குறுக்க வேண்டுமானால் மேட்டைச் செதுக்கினால் போதும். டை செய்கிறவரிடம் கேட்டால் இதையெல்லாம் பொறுமையாகச் சொல்வார். கேட்காவிட்டால் நீங்கள் கொடுத்த படத்தை வெட்டித் தருவார், அதுதான் அவர் வேலை.

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது பணம் போனதால் அல்ல. அந்த வீட்டுப் பரணிலேயே எவர்சில்வர் சம்படம் இருந்தது. முழுக் கையும் உள்ளே போகும் வாய், மூலையில்லாத அடி, வளையமில்லாத மூடி. ஒரு துடைப்பில் காய்ந்துவிடும். அது ஏன் அப்படி இருக்கிறது என்று யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. 1958இல் இந்திய அரசின் அழைப்பில் வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் தங்கள் அறிக்கையில் நம் சொம்பை வியந்து எழுதினார்கள். அதை வடிவமைக்க எதையெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கும் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். ஊற்றும்போது மட்டுமல்லாமல் நிரப்பும்போதும் கழுவும்போதும் தண்ணீர் எப்படி ஓடும் என்ற கேள்வி அதில் இருக்கிறது. அகமதாபாத்தில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவானதே அந்த அறிக்கையின் வழியாகத்தான். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்குத் தோன்றிய கேள்வி உள்ளூர்ப் பிள்ளைக்கு ஏன் தோன்றவில்லை?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். டைக்கு முன்னால் 3டி பிரிண்டில் ஒரு மாதிரி எடுங்கள். பிரிண்டின் வரிகளில் அழுக்குத் தங்கும், அதனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மேலே ஒரு பூச்சுக் கொடுங்கள். 3டி பிரிண்டில் அதிகம் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் என்றால் வெந்நீர் ஊற்றாதீர்கள், 60 டிகிரி வாக்கில் இளகிவிடும். சாப்பிடுகிற பலகாரத்தை அதில் வைக்கவேண்டாம். எண்ணெயையும் மாவையும் பிசைந்து பூசி, கழுவுகிறவரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் பேசாமல் நில்லுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்கவே கேட்காதீர்கள். கை எங்கே நிற்கிறது, எங்கே ஊக்கு தேடுகிறது என்று மட்டும் பாருங்கள். அப்புறம் கவிழ்த்து வைத்து, மறுநாள் காலையில் ஈரம் எங்கே இருக்கிறது என்று தொட்டுப் பாருங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற ஊர் என்றால் பளபளப்பில்லாத (மேட்) கறுப்பு நிறத்தையும் அப்படியே சோதித்துவிடலாம். காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும்.

ஆத்தங்குடிக் கல்லில் பரிமாறுவது

பூ டிசைன் போட்ட ஆத்தங்குடித் தரைக்கல்லைத் தட்டாக, டீ கோஸ்டராக மாற்றும் யோசனை வருடந்தோறும் வருகிறது. அது சூளையில் வேகாத கல். கண்ணாடிப் பலகை மேல் வண்ணக் கலவையை ஊற்றி, பின்னால் சிமெண்டும் மணலும் சேர்த்து வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது, மேலே பீங்கான் பூச்சு எதுவும் கிடையாது. எலுமிச்சையோ புளியோ சிந்தினால் சிமெண்டை அரித்துத் தடம் விழும். தரையில் இருக்கும்வரை அது ராஜா.

ஈயம் பூசாத பித்தளை

புளிக் குழம்புக்கு ஆகாது. பக்கத்தில் ஈயம் (வெள்ளீயம்) பூச ஆள் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு வரையுங்கள்.

கொட்டானுக்கு மில்லிமீட்டர்

பனை ஓலையில் முடைகிற கூடையான கொட்டானுக்கு 143 மில்லிமீட்டர் வேண்டும் என்று படம் கொண்டுவந்தார் ஒருவர். முடைவதில் அளவு ஓலைக் கீற்றின் கணக்கில்தான் கூடும், குறையும். முடைகிற அக்காவிடம் முதலில் சும்மா ஒரு கொட்டானை முடையச் சொல்லி, அதை அளந்து, பிறகு உள்ளே வைக்கப்போகும் டப்பாவின் அளவை முடிவு செய்யுங்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள்.

வடிவத்தைப் பதிவு செய்யும் முன்னால் படம் போடுவது

மாதிரி கைக்கு வந்ததும் இன்ஸ்டாகிராமில் போட்டுவிடுகிறார்கள். 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புகள் சட்டப்படி, விண்ணப்பிக்கும் முன்பே வெளியாகிவிட்ட வடிவம் புதியது ஆகாது. பதிவு கிடைக்காமல் போகலாம், கிடைத்தாலும் பிறகு ரத்தாகலாம். பதிவு முதலில் 10 ஆண்டுக்கு, நீட்டித்தால் இன்னும் 5 ஆண்டு. அது தோற்றத்தை மட்டும்தான் காக்கும். மூடி பூட்டுகிற விதம் புதிது என்றால் அதற்குக் காப்புரிமை தனியாக வாங்க வேண்டும், அதன் காலம் 20 ஆண்டு. முதலில் விண்ணப்பம், பிறகு லைக்.

பெயருக்கு முன்னால் 'செட்டிநாடு'

செட்டிநாடு கொட்டானுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, அதாவது அந்த ஊர்ப் பொருளின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு. பிளாஸ்டிக் பட்டையில் பின்னிய கூடைக்கு அந்தப் பெயரை ஒட்டி விற்றால் வழக்கு வரலாம். கண்டாங்கிச் சேலைக்கும் அப்படியே. கட்டத்தை மட்டும் மெத்தை உறையில் அச்சடித்துவிட்டுக் காரைக்குடி கண்டாங்கி என்று லேபிள் அடிக்கும் முன் ஒரு வக்கீலைப் பாருங்கள்.