முன்பல் சந்து: அடைப்பதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பால் பல் விழுந்து மேலே இரண்டு பெரிய பற்கள் முளைக்கும் ஆறேழு வயதில், நடுவில் சந்து இல்லாத பிள்ளைகள்தான் குறைவு. "இப்பவே க்ளிப் போட்டுடலாமா டாக்டர்?" என்று பெற்றோர் பதறுவதும் அதே வயதில்தான்.

அந்த நேரத்தில் கோரைப்பற்கள் எலும்புக்குள், பக்கத்து வெட்டுப்பற்களின் வேரை உரசியபடி இறங்கிக்கொண்டிருக்கும். வேர்கள் நெருக்கப்படுவதால் பல்லின் நுனிகள் விசிறிபோல் விரிகின்றன. 11, 12 வயதில் கோரைப்பல் வெளியே வந்ததும் முன்பற்கள் நெருங்கத் தொடங்கும், 2 மி.மீ.க்குள் இருக்கும் சந்து பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். நடுவே அவசரப்பட்டு இழுத்துக் கட்டினால், இறங்கிவரும் கோரைப்பல்லின் மேல் வெட்டுப்பல்லின் வேர் மோதிக் கரைந்துபோகவும் கூடும். பால் பற்களுக்கு இடையே சந்து இருந்தாலோ கவலையே வேண்டாம். அடுத்து வரும் அகலமான பற்களுக்கு அந்த இடம் தேவை.

அதற்காக எல்லாச் சந்தையும் 'தானா சரியாகிடும்' என்று விட்டுவிடவும் முடியாது. சந்து ரொம்ப அகலமாக இருந்தாலோ, கோரைப்பல் முளைத்த பிறகும் மூடாவிட்டாலோ எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். நடுவில் ஓர் உபரிப் பல் புதைந்திருக்கலாம். பக்கத்து வெட்டுப்பல் உருவாகாமலே போயிருக்கலாம், அல்லது குச்சிபோல் சிறுத்திருக்கலாம். விரல் சூப்புவது, விழுங்கும்போது நாக்கால் பல்லைத் தள்ளுவது போன்ற பழக்கங்களும் காரணமாகலாம். பல குடும்பங்களில் இது பரம்பரையாகவே வரும்.

மேலுதட்டைத் தூக்கினால் ஈறோடு ஒட்டிய சதைநாண் ஒன்று தெரியும். உதட்டை இழுக்கும்போது முன்பற்களுக்குப் பின்புறமுள்ள ஈறு வெளுத்தால், நாண் பற்களுக்கு நடுவே புகுந்திருக்கிறது என்று பொருள். உடனே வெட்டிவிடத் தோன்றும். ஆனால் முதலிலேயே வெட்டினால், அங்கே உண்டாகும் தழும்பே பற்கள் சேர்வதைத் தடுக்கலாம். சந்தை மூடிவிட்டு நாணைக் கவனிப்பதுதான் பொதுவான முறை.

எல்லாவற்றிலும் மோசமானது, வீட்டிலேயே இரண்டு பற்களையும் சேர்த்து ரப்பர் பேண்டு மாட்டுவது. பல் வேர்ப்பக்கம் குறுகிக்கொண்டே போவதால் பேண்டு மெல்ல ஈறுக்குள் நழுவும். கண்ணுக்குத் தெரியாது, எக்ஸ்ரேயிலும் ரப்பர் விழாது. வேரைச் சுற்றியுள்ள எலும்பை அரித்துக்கொண்டே ஏறும். நல்ல பல் ஆட்டம் கண்டு விழுந்த கதைகள் மருத்துவ இதழ்களிலேயே பதிவாகியுள்ளன. 'வீட்டு வைத்தியம்' என்று யார் சொன்னாலும் இதைத் தொடாதீர்கள்.

பெரியவர்களுக்குக் கணக்கே வேறு. சின்ன வயதிலிருந்து இருக்கும் சந்து, ஈறு நன்றாக இருந்தால் நோயே அல்ல. பிடித்திருந்தால் அப்படியே வைத்துக்கொள்ளலாம். நாற்பதுக்கு மேல் புதிதாக விழும் சந்துதான் சந்தேகத்துக்குரியது. ஈறு நோயில் எலும்பு கரைந்து பல் நகர்ந்திருக்கலாம். புகைப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஈறைக் குணப்படுத்தாமல் நேராக க்ளிப்புக்குப் போனால், மிச்சமிருக்கும் எலும்பும் போகும்.

மூடிய பிறகும் ஒன்று பாக்கி: பற்களை அதே இடத்தில் பிடித்துவைக்கும் ரிடெய்னர். முன்பல் சந்து திரும்பத் திறப்பதில் பேர்போனது. அதனால்தான் பல்லின் பின்புறம் மெல்லிய கம்பியை ஒட்டிப் பல வருடங்கள் அப்படியே விட்டுவைக்கிறார்கள்.