குழு விவாதத்தை மாணவரே நடத்த: கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு செய்முறை

குழு விவாதம் என்றதும் மாணவர்கள் மனதில் வருவது கேம்பஸ் இன்டர்வியூவில் நடக்கும் ஜிடி (குரூப் டிஸ்கஷன்) தான். அங்கே முந்திக்கொண்டு பேசுபவர் கவனிக்கப்படுவார். வகுப்பறை விவாதத்தைக் கெடுப்பது அந்தப் பழக்கமே. இங்கே ஒருங்கிணைப்பாளராக இருக்கும் மாணவரின் வேலை, குழுவில் உள்ள மற்ற ஐந்து பேரையும் பேசவைப்பது. ‘நீ லீட் பண்ணு’ என்று ஒருவரைக் கைகாட்டிவிட்டால் அது வராது, சொல்லித்தர வேண்டும்.

60 பேர், 50 நிமிட பீரியட், நகர்த்த முடியாத பெஞ்சு என்ற கணக்கில் எழுதியிருக்கிறோம்.

படி 1: கேள்வி தயாரித்தல்

பாதி வெற்றி இங்கேதான். ‘பிளாஸ்டிக் தடை நல்லதா?’ என்று கேட்டால் ஆறு பேரும் ‘நல்லது’ என்பார்கள். இரண்டு நிமிடத்தில் பேச்சு படுத்துவிடும். இப்படி மாற்றுங்கள்: ‘தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. அப்படியும் கடையில் கேரி பேக் கிடைத்தால் முதலில் யாரைப் பிடிக்க வேண்டும்? தயாரிப்பவரையா, கடைக்காரரையா, வாங்குபவரையா?’ இதில் ஒரு பக்கம் நின்றே ஆக வேண்டும். நின்றால் காரணமும் சொல்ல வேண்டும்.

பேச்சு தொய்ந்தால் எடுக்க ஒரு துணைக் கேள்வி கையில் இருக்கட்டும்: ‘2021 டிசம்பரில் தொடங்கிய மீண்டும் மஞ்சப்பை இயக்கம் இந்த மூவரில் யாரை நம்பி நிற்கிறது?’ முந்தின நாளே ஒருங்கிணைப்பாளர்களைக் கேள்வி எழுதிவரச் சொல்லிப் பார்த்துவிடுங்கள். விடை பாடநூலில் அப்படியே இருந்தால் அது தேர்வுக் கேள்வி, தள்ளிவிடலாம்.

படி 2: உட்காரும் இடம்

முன்பெஞ்சு மூவர் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தால் பின்பெஞ்சு மூவரோடு ஆறு பேர் குழு. அதிகம் பேசுபவர் ஒருங்கிணைப்பாளரின் பக்கத்தில், பேசத் தயங்குபவர் எதிரில். எதிரில் இருப்பவரைப் பார்த்துத் தலையசைத்தாலே அவருக்குப் பேசத் துணிவு வரும். பக்கத்தில் இருப்பவருக்கு அந்தப் பார்வை எளிதில் கிடைக்காது.

படி 3: நான்கு வாக்கியங்கள்

ஒருங்கிணைப்பாளர்களை இவற்றை மனப்பாடமே செய்யச் சொல்லுங்கள்:

‘உனக்கு ஏன் அப்படித் தோணுது?’
‘நீ சொன்னதை நான் இப்படிப் புரிஞ்சுக்கிட்டேன், சரியா?’
‘இதை ஒத்துக்காதவங்க யாரு?’
‘ஒரு நிமிஷம், இன்னும் பேசாதவங்க சொல்லட்டும்.’

‘நல்ல பாயிண்ட்’, ‘தப்பு’ இரண்டும் வேண்டாம். தீர்ப்பு சொன்ன உடனே குழு அவரை ஆசிரியராகப் பார்க்கத் தொடங்கிவிடும்.

படி 4: மௌனத்தைத் தாங்குதல்

புதியவர்கள் தடுமாறுவது இதில்தான். கேள்வி கேட்டதும் யாரும் பேசாவிட்டால் பதறிப்போய்த் தாங்களே பதில் சொல்லிவிடுவார்கள். ஆசிரியர்களும் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் கண்டறிந்தார். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, பதில் சொல்லாமல் இருப்பவர்கள் குறைந்தார்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணச் சொல்லுங்கள்.

பேசும் முன் மூன்று நிமிடம் எல்லோரும் நோட்டில் எழுதட்டும். தமிழ்வழியில் படித்து வந்த மாணவர்களுக்கு இது பெரிய உதவி. விவாதம் தமிழில் நடக்கட்டும். ஆங்கிலத்தில்தான் வேண்டும் என்றால் பேசியதைக் கடைசியில் சுருக்கிச் சொல்லும் தொகுப்பை மட்டும் ஆங்கிலத்தில் கேளுங்கள்.

படி 5: முன்னோட்டம்

முதல் வாரம் ஒரே ஒரு குழு. கரும்பலகைக்கு முன்னால் ஆறு நாற்காலி, பத்து நிமிடம். மற்றவர்கள் பார்க்கிறார்கள். இருவர் மட்டும் வரைகிறார்கள்: ஒரு வட்டம், சுற்றிலும் ஆறு பெயர், ஒருவர் பேசி முடித்து அடுத்து யார் பேசினாலும் முன்னவர் பெயரிலிருந்து அவர் பெயருக்கு ஒரு கோடு. எல்லாக் கோடுகளும் ஒருங்கிணைப்பாளர் வழியாகவே போனால் அவர் சின்ன ஆசிரியராகிவிட்டார் என்று பொருள். மற்றவர்களுக்கிடையே கோடுகள் ஓடினால் வேலை நடக்கிறது. எந்த அறிவுரையையும்விட இந்தப் படம் சீக்கிரம் புரியவைக்கும். அதைக் குழுவிடமே காட்டிப் பேசவையுங்கள்.

படி 6: முழு வகுப்பு

வருகைப்பதிவுக்கும் இடம் மாறவும் 7 நிமிடம், எழுத 3, விவாதம் 20, தொகுப்பு 10, வரைபடம் பார்த்துப் பேச 10. பத்துக் குழுவும் தொகுப்பு சொல்ல நேரம் போதாது, மூன்று போதும். எந்த மூன்று என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள். இந்த முறை ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் பேசாமல் கோடு வரைவார்.

நீங்கள் எந்தக் குழுவின் அருகிலும் நிற்காதீர்கள். நின்றால் ஆறு முகமும் உங்கள் பக்கம் திரும்பும். சுவரோரமாக நடந்துகொண்டே இருங்கள். யாராவது ‘சார், இது சரியா?’ என்றால், ‘குழுவில் கேட்டாயிற்றா?’ என்று மட்டும் கேட்டுவிட்டு நகருங்கள்.

ஒருங்கிணைப்பாளரை வாரந்தோறும் மாற்றுங்கள். முதல் மதிப்பெண் வாங்குபவரையே திரும்பத் திரும்பப் போட்டால் விடை தெரிந்தவர் என்று குழு அவரிடமே ஒப்படைத்துவிடும். இன்டர்னல் மதிப்பெண் தருவதானால் எத்தனை முறை பேசினார் என்று எண்ணாதீர்கள். ஜிடி பழக்கம் உடனே திரும்பிவிடும். ஒருங்கிணைப்பாளர் எழுதித்தரும் அரைப்பக்கக் குறிப்புக்குக் கொடுங்கள்: யார் கருத்து யாரால் மாறியது, எந்தக் கேள்வியில் பேச்சு நின்றது, அடுத்த முறை அதை எப்படிக் கேட்பார்.